செவத்த மொகம்

ஜன்னலோரம் நீயே உக்காந்துக்கோம்மா. எனக்கு வெயில் ஆகாது. உனக்கென்ன, உனக்கு இனிமே வெயில் பட்டு என்ன ஆயிரப்போகுது? மொறைக்காத, நெசத்தத்தான் சொல்லுதேன். மனசுல ஒண்ண வச்சிட்டு வெளிய ஒண்ணு பேச எனக்குத் தெரியாது. அதனாலதான் எனக்கும் ஊருக்கும் ஒத்து வரமாட்டேங்குது.

பைய மடியில வச்சுக்கோ. நீயும் மதுரைக்குத்தான? நல்லதாப் போச்சு. எவனாவது ஒருத்தன் பக்கத்துல வந்து உக்காந்து, தூங்கி மேல சாயுததுக்கு ஒரு பொம்பளப் புள்ள தேவல. எனக்கு மதுரையில ஒரு கல்யாண வீடு. வேண்டியவங்க. போகலன்னா கோவிச்சுக்குவாங்க.

என்ன, முந்தானைய மொகத்தோட சுத்தியிருக்காளேன்னு பாக்கியா? தூசி. ரோட்டுத் தூசி ஒரு பக்கம், ஊர்க்கண்ணு ஒரு பக்கம். கோயில்பட்டி பஸ் ஸ்டாண்டுல ஏறுததுக்குள்ள எத்தன கண்ணு! செவப்பாப் பொறந்துட்டா அது ஒரு கஷ்டம். உன்ன மாதிரி ஆளுகளுக்கு அது புரியாது. நீங்க பாட்டுக்கு வருவீங்க, போவீங்க, யாரு திரும்பிப் பாக்கப்போறா?

என் பேரு செண்பகவல்லி. எங்க ஊரு அம்மன் பேரு. நான் பொறந்தப்ப, "இது என்ன, வெள்ளக்காரன் புள்ள மாதிரி இருக்கு"ன்னு நர்சம்மா சொன்னாளாம். எங்கப்பா சாகுற வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. அப்பா நல்ல செவப்பு. எங்கம்மாதான் கறுப்பு. என் தம்பி அம்மாவக் கொண்டு பொறந்துட்டான், பாவம். நான் தப்பிச்சேன்.

பள்ளிக்கூடத்துல யாரையாவது கூட்டிட்டு வான்னு சொன்னா அப்பாவத்தான் கூட்டிட்டுப் போவேன். ஒருநா சாப்பாட்ட மறந்துட்டுப் போயிட்டேன், அம்மா டப்பாவத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. என்கூட இருந்த புள்ளைக "யாருட்டி இது?"ன்னு கேட்டாளுக. வீட்டு வேலைக்கு வர்ற அக்கான்னு சொல்லிட்டேன். அம்மா காதுலயும் விழுந்துச்சு. டப்பாவக் குடுத்தா, போயிட்டா. அவளுக்கே தெரியும்ல, என் பக்கத்துல நின்னா எப்படி இருக்கும்னு. நல்ல பொம்பள அவ. புரிஞ்சு நடந்துக்குவா.

எனக்குப் பத்தொம்பது வயசு இருக்கும்போது எங்க ஊரு ஜவுளிக்கடைக்காரர் அப்பாட்ட வந்து கேட்டாரு. "அண்ணாச்சி, உங்க மகளப் பட்டுச்சேல கட்டி நிக்கச் சொல்லுங்க, ஒரு படம் எடுத்துக்கிடுதேன், காலண்டர் போடணும்"னு. அந்த வருசம் கோயில்பட்டியில எந்த வீட்டுக்கு வேணா போ, சொவத்துல நாந்தான். சலூன்ல நான். டீக்கடையில நான். தீப்பெட்டி ஆபீசுல பொம்பளைக என்னையப் பாத்துக்கிட்டேதான் குச்சி அடுக்குவாளுக. அந்த மொகம்மா இது. சும்மா இல்ல. ஒரு ஊரே நாளு பாத்த மொகம்.

அதுக்கப்புறம் மாப்பிள்ளைக வரிசையா வந்தானுக. ஒருத்தன் பேங்க் ஆபீசர், ஒருத்தன் காலேஜ் வாத்தியார். ரெண்டும் தார் டின்னு. அந்த வாத்தியார் நல்லாப் பேசினான், என்ன படிக்கணும்னு ஆசைன்னெல்லாம் கேட்டான். இருந்து என்ன செய்ய? அவன் பக்கத்துல நின்னு நான் போட்டோ எடுக்க முடியுமா? கடைசியா வந்தவன் கனகவேல். லாரி புக்கிங் ஆபீஸ். என் நெறத்துக்கு ஏத்த நெறம். கல்யாண போட்டோவப் பாத்துட்டு சாமி படம் மாதிரி இருக்குன்னாங்க எல்லாரும்.

குடிகாரன்.

அதுவும் ஒளிச்சு வச்சுக் குடிக்கிற குடிகாரன். வெளிய போயிக் குடிச்சிட்டு ரோட்டுல கெடக்கிறவனக்கூட ஒரு கணக்குல மன்னிக்கலாம்மா. இவன் அரிசி டிரம்முக்குள்ள வைப்பான், மோட்டார் ரூம்ல வைப்பான், சாமி படத்துக்குப் பின்னால வைப்பான். என்னடான்னு கேட்டா இல்லவே இல்லைம்பான். "நான் என்ன அடிமையா, நெனச்சா நாளைக்கே விட்டுருவேன்"பான். ஒருநா குடிக்கலன்னா கை நடுங்கும், உடம்பெல்லாம் வேர்க்கும், என்னமோ நான் வெசம் வச்ச மாதிரி என்னையப் பாப்பான். த்தூ! மனுசனா அவன்? ஒருநா வீடு பூராத் தேடி எல்லா பாட்டிலையும் எடுத்தேன். வாசல்ல வரிசையா அடுக்கி வச்சேன். தெருவே வந்து பாத்துச்சு. பாக்கட்டும்னுதான அடுக்குனேன்! அவன் தலையத் தொங்கப்போட்டு நின்னான். நான் பொட்டியத் தூக்கிட்டு அப்பா வீட்டுக்கு வந்துட்டேன். புள்ள குட்டி இல்ல. அதுவும் நல்லதுக்குத்தான்.

சாத்தூர் தாண்டியாச்சா? இன்னும் இல்லையா. மெதுவாப் போறான்.

அப்பாவும் அம்மாவும் போனதுக்கப்புறம் வீட்டுல நானும் என் தம்பி சண்முகவேலும்தான். அவன் மில்லுல சூப்ரவைசர். தங்கமான பையன், எதுத்து ஒரு வார்த்த பேசமாட்டான். அவனுக்காவது செவப்பா ஒருத்தியப் பாப்போம்னு நான் அலையாத அலைச்சல் இல்ல. இவன் என்ன செஞ்சான்? கரண்டு பில்லு கட்டப் போன எடத்துல ஒருத்தியப் பாத்திருக்கான். மாரிச்செல்வி. மின்வாரிய ஆபீஸ்ல வேல. பாக்கப் போனோம். அட்டக் கறுப்பு. அங்கேயே சொல்லிட்டேன். "கரண்டு ஆபீஸ்ல வேல பாக்குத, ஆனா லைட்டப் போட்டாத்தான் ஆளு தெரியும்போல"ன்னேன். தமாசுக்குத்தான். வேற ஒருத்தியா இருந்தா தலையக் குனிஞ்சிருப்பா. இவ சிரிக்கா. சிரிச்சிட்டு, "அதுக்கென்ன மதினி, பில்ல ஒழுங்காக் கட்டுனா லைட்டு எரியப்போகுது"ங்கா. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு எனக்கு, இவ சரிப்பட்டு வரமாட்டான்னு.

வந்தா. வந்து ரெண்டாவது வருசம் புள்ள பெத்தா. பொம்பளப் புள்ள. ஆஸ்பத்திரியில துணியோட என் கையில குடுத்தாங்க. துணிய வெலக்கிப் பாத்தேன். அவ்வளவுதான். அப்படியே அவ அம்மா. அதுக்குப் பேரு என்ன வச்சா தெரியுமா? கார்குழலி. இருக்கிற நெறத்துக்குப் பேர்லயும் காரா? "ஸ்வேதான்னு வைங்களேன், வெள்ளன்னு அர்த்தமாம், கூப்பிடக் கூப்பிடவாவது வெளுக்கும்"னேன். "அவ தலமுடியப் பாருங்க மதினி, எவ்வளவு அழகாக் கருகருன்னு இருக்கு"ங்கா. முடி கறுப்பா இருக்கிறதுக்கு ஒரு பெருமையா? முடி கறுப்பாத்தான் இருக்கும்.

லீவு முடிஞ்சு சித்திரையில அவ வேலைக்குப் போக ஆரம்பிச்சா. புள்ளைய நான்தான் பாத்துக்கிட்டேன். யாரும் கேக்கல, நானா பாத்துக்கிட்டேன். ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ, புள்ள நல்ல புள்ள. அதுக்கு என்ன தெரியும், தான் கறுப்புன்னு? காலையில என்னையப் பாத்ததும் ரெண்டு காலையும் ஒதைக்கும். என் மூக்கப் பிடிக்கும். நான் தொட்டில்கிட்ட இல்லன்னா, எங்க போனான்னு கழுத்தத் திருப்பித் திருப்பித் தேடும். என் வாழ்க்கையில என்னைய ஆச்சரியமாப் பாத்தவங்க நெறையப் பேரு. தேடுனது அது ஒண்ணுதான்.

அது கெடக்கட்டும்.

எங்க தெருக்காரிக வருவாளுக. தொட்டில எட்டிப் பாப்பாளுக. "அத்த கலர்ல கொஞ்சமாவது வந்திருக்கக் கூடாதா"ம்பாளுக. எனக்கு வயிறு எரியும். நாளைக்கு இதப் பொண்ணு பாக்க ஒருத்தன் வரணுமே, வந்து லைட்டப் போடச் சொல்லுவானே. நான் சொன்ன மாதிரி எவளாவது சொல்லுவாளே. பெத்தவளுக்கு அந்தக் கவல இருக்கா? காலையில பவுடர்கூடப் போடாம தலையச் சீவிக்கிட்டுக் கெளம்பிருவா. சரி, அத்தைன்னு ஒருத்தி இருக்கேன்ல.

நான் ஒரு கிரீம் போடுதேன். பொம்பளைக்குப் பொம்பள சொன்னா என்ன? அந்தக் குடிகாரன விட்டுட்டு வந்த சமயத்துல எனக்குக் கன்னத்துல மங்கு விழுந்துச்சு. ரெண்டு பக்கமும் காப்பி சிந்துன மாதிரி. காலண்டர் மொகத்துல மங்கு! நாலு மாசம் நான் வாசலுக்கு வரல. அப்புறம் பியூட்டி பார்லர்காரி ஒரு ட்யூப்பக் குடுத்தா. மருந்துக் கடையில கெடைக்கிறதுதான், சின்ன ட்யூப். ஒரு வாரம்தான். கண்ணாடி மாதிரி ஆயிருச்சு மொகம். முன்னைவிட செவப்பு. எல்லாரும் கேட்டாளுக, "செண்பகம், என்னட்டி போடுத?"ன்னு. கடலமாவுன்னேன். இதெல்லாம் சொல்லிட்டு இருப்பாங்களா?

மொதல்ல படுக்கப்போகும்போது மட்டும் போடுவேன். அப்புறம் காலையிலயும். அப்புறம் மத்தியானமும். அளவாத்தான் போடுதேன். ஒருநா விட்டுட்டா மூஞ்சி தீயாக் காந்தும், சின்னச் சின்னதாக் கொப்புளம் வரும், தோலு உரியும். அது கிரீமால இல்ல, கிரீம் போடாததால. அதுலயே தெரியலையா அது எவ்வளவு நல்ல கிரீம்னு? வீட்டுல அங்கங்க ஒண்ணு ரெண்டு வச்சிருப்பேன். அரிசி டிரம்முல, மோட்டார் ரூம்ல, சாமி படத்துக்குப் பின்னால. ஒளிக்கல. மாரிச்செல்வி கண்ணுல பட்டா அவளும் போட ஆரம்பிச்சிருவா, அவளுக்கு ஒரு லாரி நெறைய வேணும், நமக்குக் கட்டுபடியாகுமா?

புள்ளைக்கு மொதல்ல நெத்தியில ஒரு பொட்டு மாதிரி வச்சுப் பாத்தேன். நான் ஒண்ணும் யோசிக்காம செய்யிறவ இல்ல. ஒண்ணும் ஆகல. அப்புறம் கன்னம். அப்புறம் கை, காலு, முதுகு. குளிப்பாட்டித் தொடச்சு, பவுடருக்கு முன்னால ஒரு பூச்சு. "ஸ்வேதா, ஸ்வேதா"ன்னு சொல்லிக்கிட்டே போடுவேன். அது கெக்கெக்கேன்னு சிரிக்கும்.

வெளுத்துச்சும்மா! சத்தியமாச் சொல்லுதேன், ஒரு மாசத்துல மாநெறத்துக்கு வந்துருச்சு. கன்னம் ரெண்டும் உப்பி, மொகம் நிலா மாதிரி ஆயிருச்சு. எப்பப் பாத்தாலும் பசி, பால் குடுக்கக் குடுக்கக் குடிக்கும். தெருக்காரிக வாயப் பொளந்தாளுக. "அத்த வளத்தா இப்படித்தான்"னு நான் சொல்லுவேன். மாரிச்செல்வி மட்டும் புள்ளையத் திருப்பித் திருப்பிப் பாப்பா. "மதினி, கன்னத்துல என்ன இவ்வளவு முடி? நெத்தியிலயும் இருக்கு"ங்கா. பூன முடி, எல்லாப் புள்ளைக்கும் இருக்கிறதுதான்னேன். "மதினி, இந்தக் கவுனு இடுப்புல இறுக்குது, ஆனா உயரம் அப்படியே இருக்கு. புள்ள வளரவே இல்லையே"ங்கா. அவளுக்குப் பொறாம. பெத்த புள்ள செவப்பானாலே பொறாமப்படுற ஒருத்திய நீ பாத்திருக்கியா? நான் பாத்தேன்.

ஆடியில புள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு. போயிட்டுத் திரும்பி வந்துச்சு. உடம்பெல்லாம் புண்ணு மாதிரி. அழுகைய நிறுத்தல. குழந்த டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போனாங்க, நானும் போனேன். வழுக்க மண்டையன். புள்ளையப் பாத்துட்டு, "ஏதாவது கிரீம் தடவுறீங்களா?"ன்னு கேட்டான். மாரிச்செல்விட்டக் கேட்டான். "தேங்காண்ணெ மட்டும்தான் சார்"னா. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். என்னையக் கேக்கலையே. கேட்டாத்தான சொல்லணும்?

பெட்டுல சேத்துட்டாங்க. கையில ஊசி குத்தி, சின்னக் கையி, அதுல பிளாஸ்திரி ஒட்டி. தம்பி வெளிய நின்னு சொவத்தப் பாத்து அழுதான். எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா? எனக்கும்தான் சோறு எறங்கல. ஆனா ஒண்ணு கவனிச்சேன். ரெண்டு மூணு நாளா கிரீம் போடல. புள்ள மறுபடி கறுக்க ஆரம்பிச்சிருச்சு. கழுத்தெல்லாம் செவந்து தடிச்சிருக்கு. எனக்குத் தெரியுமே, விட்டா எப்படி எரியும்னு! அது வாயில்லாப் புள்ள, எப்படிச் சொல்லும்? அதனாலதான் அழுவுது, இந்த டாக்டருக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். மாரிச்செல்வி மருந்து வாங்கக் கீழ போயிருந்தா. இடுப்புல ஒரு ட்யூப் சொருகி வச்சிருந்தேன். எடுத்து மெதுவாக் கழுத்துல தடவுனேன். புள்ள என் மொகத்தையே பாத்துச்சு. அழுகை நின்னுச்சு. நின்னுச்சும்மா, நான் பொய் சொல்லல.

"என்ன மதினி தடவுதீங்க?"

வாசல்ல நிக்கா. கையில மருந்துப் பை. நான் ட்யூப்ப முந்தானைக்குள்ள விட்டேன். "ஒண்ணுமில்ல, புள்ளைக்கு அரிக்குது, சொறிஞ்சு விட்டேன்"னேன். அவ வந்தா. என் கையப் பிடிச்சா. என்ன பிடி! கரண்டுக் கம்பிய முறுக்குற கை மாதிரி. என் விரல மோந்து பாத்தா.

"எத்தன நாளாப் போடுதீங்க?"

"நீ செய்ய வேண்டியத நான் செஞ்சேன். அத நீ மொதல்ல தெரிஞ்சுக்கோ"ன்னேன்.

சத்தம் போடுவா, தலமுடியப் பிடிப்பா, ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்னு நான் இருக்கேன். அவ சத்தமே போடல. கண்ணுல இருந்து தண்ணி மட்டும் ஊத்துது. "அவ என் நெறத்துல இருந்தா உங்களுக்கு என்ன மதினி? உங்களப் பாத்துத்தான அவ மொதமொதல்ல சிரிச்சா"ன்னா. ட்யூப்பப் பிடுங்கிக்கிட்டு டாக்டர்ட்ட ஓடிட்டா.

அப்புறம் அந்த வழுக்க மண்டையன் வந்து பிரசங்கம். அது சும்மா கிரீம் இல்லையாம். தோலு வழியா உள்ள எறங்கி, உடம்பு தானாச் சொரக்க வேண்டியத நிறுத்திருச்சாம். புள்ள உசுருக்கே ஆபத்தாம். திடீர்னு நிறுத்தவும் முடியாதாம், மருந்து குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணுமாம். பேசிக்கிட்டே என் மொகத்தையும் பாக்கான். "நீங்க எத்தன வருசமாப் போடுறீங்க? இது ஒரு அடிமைப் பழக்கம் மாதிரிம்மா. நாளைக்கு தோல் டாக்டர்ட்டக் காட்டுங்க"ங்கான். அத்தன பேரு முன்னால! நர்சுக, துப்புரவுக்காரி, பக்கத்து பெட்டுக்காரி எல்லாரும் கேக்க! அடிமையாம். யார்ட்ட வந்து என்ன சொல்லுதான் பாரு. குடிகாரன விட்டுட்டு வந்தவம்மா நான்.

என் தம்பி நேரா வீட்டுக்குப் போயிருக்கான். நான் ஆட்டோவப் பிடிச்சுப் போறதுக்குள்ள வீட்டையே பொரட்டிப் போட்டுட்டான். வாசல்ல ட்யூப்ப வரிசையா அடுக்கி வச்சிருக்கான். பிதுக்கித் தீந்தது, பாதி, புதுசு, எல்லாத்தையும். தெருவே நின்னு பாக்குது. கூடப் பொறந்தவள இப்படியா அசிங்கப்படுத்துவான் ஒருத்தன்? இரக்கமே இல்லாத ஜென்மம். "ஏல, இதெல்லாம் எடுத்து உள்ள வையில"ன்னேன். "யக்கா, என் மக பொழச்சு வந்தா ஒங்கிட்ட பேசுதேன்"னான். அவ்வளவுதான் சொன்னான்.

பொழச்சிருச்சு. ரொம்ப நாளு ஆச்சு, ஆனா பொழச்சிருச்சு. அவன் பேசத்தான் இல்ல. ஆஸ்பத்திரியில இருந்தே வேற தெருவுல வாடக வீடு பாத்துப் போயிட்டாங்க. தொட்டில மட்டும் எடுக்க வந்தான். மாரிச்செல்விதான் தூண்டி விட்டிருப்பா. அவன் அப்படிப்பட்டவன் இல்ல. இவ்வளவு பெரிய வீட்டுல இப்ப நான் ஒருத்திதான். நிம்மதியா இருக்கேன்.

இந்த விசயம் கேள்விப்பட்டு அந்தக் கனகவேல் வந்தான். யாரு? அதாம்மா, என் வீட்டுக்காரன், குடிகாரன். குடிய விட்டு ரொம்ப வருசம் ஆச்சாம். வெள்ளச் சட்ட, நெத்தியில திருநீறு. உள்ளகூட வரல, வாசல்ல நிக்கான். "செண்பகம், மொத நாலு நாளுதான் நரகம். எனக்குத் தெரியும். தனியா இருந்து விட முடியாது. நான் பக்கத்துல இருக்கேன், டாக்டர்ட்ட வா"ங்கான். யாரு, யாருக்குப் புத்தி சொல்ல வாறா! "உன் பாட்டிலும் என் ட்யூப்பும் ஒண்ணாடா? நீ கெட்டதுக்குக் குடிச்ச, நான் நல்லா இருக்கிறதுக்குப் போடுதேன்"னு கேட்டேன். கதவ மூடிட்டேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் போனான். ஜன்னல்ல பாத்தேன். வெயில்ல கறுத்துப் போயிருக்கான். அந்த நெறமெல்லாம் எங்கயோ போச்சு.

அடுத்த வருசம் ஐப்பசித் திருக்கல்யாணத்துக்குக் கோயிலுக்குப் போனேன். கூட்டத்துல பாத்தா தம்பியும் அவளும். புள்ள கீழ நிக்குது. நடக்கும்மா! தளதளன்னு இல்ல, ஒல்லியா, விறுவிறுன்னு நடக்குது. நல்ல கறுப்பு. கருவண்டு மாதிரி. செஞ்சதெல்லாம் வீணாப்போச்சேன்னு ஒரு பக்கம் இருந்தாலும், என்னால நிக்க முடியல. கிட்டப் போயிட்டேன். குனிஞ்சு, மொகத்துல இருந்த முந்தானைய எடுத்துட்டு, "ஸ்வேதா, அத்த வந்திருக்கேன்"னேன்.

வீல்னு கத்துச்சு. என் மொகத்தப் பாத்து. ஓடிப்போயி அவ அம்மா சேலைக்குள்ள பூந்துக்கிட்டு வெளியவே வரல. கோயிலே திரும்பிப் பாக்குது. மாரிச்செல்வி புள்ளையத் தூக்கி, "அத்தடா குழலி. நம்ம அத்த. அவங்களுக்கு மொகத்துல புண்ணு, பாவம்ல, பயப்படக் கூடாது"ங்கா. பாவமாம்! நான்! இவ என்னையப் பாத்துப் பாவம்ங்கா! நடிப்பு. வீட்டுல அந்தப் புள்ளைக்கு என்னையப் பத்தி என்னென்ன சொல்லிக் குடுத்திருக்காளோ. இல்லன்னா, காலையில கண்ண முழிச்சதும் என்னையத் தேடுன புள்ள, ஏன் கத்தணும்? சொல்லு. ஏன் கத்தணும்?

வீட்டுல இருக்கிற கண்ணாடியெல்லாம் பழசு. ரசம் போயிருச்சு, எதையும் சரியாக் காட்டமாட்டேங்குது. சொவத்தப் பாக்கத் திருப்பி மாட்டிட்டேன்.

விருதுநகர் வந்தாச்சு. இனி வெரசாப் போயிருவான்.

இங்க பாரும்மா, ஒண்ணு சொல்லுதேன். கல்யாண வீடெல்லாம் ஒண்ணும் இல்ல. என் தம்பி கோயில்பட்டியில ஒரு மருந்துக் கடை பாக்கி இல்லாம சொல்லி வச்சிட்டான். சாத்தூருக்குப் போனேன், என் மொகத்தப் பாத்ததும் டாக்டர் சீட்டக் கேக்கான் கடக்காரன். மதுரையில பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல நெறைய மருந்துக் கட இருக்கு. நான் போனா அங்கயும் கேள்வி கேப்பான். நீ போயி கேளு. உனக்குன்னு கேளு. உன்னப் பாத்தாலே தெரியும்ல, உனக்குத் தேவைப்படுதுன்னு, ஒரு வார்த்த பேசாம எடுத்துக் குடுத்துருவான். பேரு நான் சொல்லுதேன். பத்து வாங்கு. உனக்கும் ஒண்ணு வாங்கிக்கோ, ரூவா நான் தாறேன். ஒரு மாசத்துல உங்க வீட்டு ஆளுகளுக்கே உன்ன அடையாளம் தெரியாது.

என்ன கேட்ட?

எரியுதான்னா?

அது என்ன கேள்வி. கத சொல்லிக்கிட்டு வாறேன், எரியுதான்னு கேக்க. இவ்வளவு நேரம் நான் பேசுனதுல உனக்கு அதுதான் காதுல விழுந்துச்சா?

எரியுது. காத்துப் பட்டா எரியுது, தண்ணி பட்டா எரியுது. இந்தா, உங்கிட்ட பேசுறப்ப வாயி அசையுதுல்ல, அதுக்கு எரியுது. இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. ஏன் போட்டன்னுதான் எல்லாரும் கேட்டாங்க.

கையக் கொண்டு வராத. வேண்டாம், தொடாத. தண்ணி பாட்டிலும் வேண்டாம்... சரி, கைக்குட்டைய நனைச்சுக் குடு. கொஞ்ச நேரம் வச்சுக்கிடுதேன். ம். உன் கைக்குட்ட சுத்தமாத்தான் இருக்கு, பரவாயில்ல.

என்னது? வாங்கித் தரமாட்டியா? ஆஸ்பத்திரிக்குன்னா கூட வாறியா? உங்களுக்கெல்லாம் ஒரே பாட்டுத்தான்போல. அந்த வழுக்க மண்ட டாக்டரும் இதத்தான் சொன்னான், அந்தக் குடிகாரனும் இதத்தான் சொன்னான். ஏம்மா, உன் நெறத்துக்கு நீ எனக்கு எரக்கப்படுதியா? உங்க அம்மா உன்னைய வச்சுக்கிட்டு எத்தன நாளு அழுதாளோ, அவகிட்டப் போயி படு எரக்கம். தள்ளி உக்காரு. இன்னும் தள்ளு. இந்தா உன் கைக்குட்ட. வேண்டாமா? வச்சுக்கிடவா? என்னமோ பட்டுத் துணியக் குடுத்த மாதிரி.

ஏங்க. முன் சீட்டு அக்கா, உங்களத்தான். மதுரையில எறங்குவீங்கல்ல? கொஞ்சம் இங்க திரும்புங்க. அடடா, நல்ல செவப்பா இருக்கீங்களே. உங்களுக்குச் சொன்னாப் புரியும். ஒரு சின்ன ஒத்தாச செய்யணும் எனக்கு.